கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்தில் பெங்களூர் வரை போக எரிபொருள் எப்படி இருக்கிறது?

காந்தி ரோடு விடுதிக்காரர், வேலூர்:

வணக்கம். மருத்துவமனைக்கு வரும் வங்காளக் குடும்பங்கள் தங்கும் சிறிய விடுதி ஒன்றைக் காந்தி ரோட்டை ஒட்டி நடத்திவருகிறேன். சென்ற ஐப்பசி மழையில் என் விடுதிக்கு வரவேண்டிய ஒரு குடும்பத்தின் விமானம், சென்னைக்கு மேலே வட்டமடித்துப் பார்த்துவிட்டு இறங்க முடியாமல் பெங்களூருக்குப் போய், அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மழை விட்ட பிறகு சென்னைக்குத் திரும்பியிருக்கிறது. பெங்களூரில் நின்றிருந்தபோது, எரிபொருள் நிரப்பப்படுவதால் இருக்கைப் பட்டையைக் கழற்றி வைக்கும்படி அறிவித்தார்களாம். அதைக் கேட்டதும், இவ்வளவு நேரமும் காலி டேங்கோடுதான் மேலே சுற்றிக்கொண்டிருந்தோமா என்று அந்த வீட்டுப் பெரியவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பும்போது காட்பாடியில் ரயில் ஏறுவேனே தவிர விமானம் ஏற மாட்டேன் என்கிறார். பெங்களூர் வரை போகும் அளவுக்கு எரிபொருள் இருந்தது திட்டமிட்டா, தற்செயலா? ஒவ்வொரு முறையும் டேங்கை முழுதாக நிரப்பிவிட்டால் இந்தக் கவலையே இல்லையே, ஏன் அப்படிச் செய்வதில்லை?

முன்னாள் விமானப்படை, கம்மவான்பேட்டை:

திட்டமிட்டதுதான், ஐயா. விமானப்படையில் தரைப்பணியிலும், ஓய்வுக்குப் பின் ஒரு தனியார் நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவிலும் இருந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பயணத்துக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதை ஒரே தொகையாக முடிவு செய்வதில்லை. பல பகுதிகளாகக் கணக்கிட்டுக் கூட்டுகிறார்கள். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் மணிக்கு ஏறத்தாழ இரண்டரை டன் எரிக்கும். கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு, அன்றைய காற்றின் திசையையும் வேகத்தையும் சேர்த்து, 5,400 கிலோ தேவைப்படுகிறது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஓடுபாதை வரை ஊர்ந்து போக 200 கிலோ. எதிர்க்காற்று கூடினாலோ, கேட்ட உயரம் கிடைக்காவிட்டாலோ ஈடுகட்டப் பயண எரிபொருளில் 5 சதவீதம், அதாவது 270 கிலோ. சென்னையில் இறங்க முடியாமல் மீண்டும் மேலேறி, முன்கூட்டியே குறித்துவைத்த மாற்று விமான நிலையத்துக்குப் போக 1,600 கிலோ. உங்கள் விருந்தினர்கள் பெங்களூர் போனது இந்தப் பகுதியில்தான். இவை அனைத்துக்கும் அடியில் இறுதிக் கையிருப்பு என்று ஒன்று உண்டு. ஜெட் விமானமானால், மாற்று நிலையத்துக்கு மேலே 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் சுற்றுவதற்கான எரிபொருள் அது. ஏ320-க்கு ஏறத்தாழ 1,150 கிலோ வரும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியும் இதுதான், நம் நாட்டு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் விதியும் இதைப் பின்பற்றியதுதான்.

மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தீர்ந்தால் ரிசர்வுக்குத் திருப்பிக்கொண்டு பங்க் வரை போகிறோமே, இறுதிக் கையிருப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று. தரையில் சக்கரம் பதியும்போது அது தொடப்படாமல் டேங்கில் இருக்க வேண்டும் என்பதே விதி. ஆகவே சென்னைக்கு மேலே வட்டமடித்தபோது விமானியின் மனத்தில் இருந்த எண் சுழியம் அன்று. 1,600-உம் 1,150-உம் சேர்ந்த 2,750 கிலோ. அளவு அதற்கு இறங்கும்போது மழை விடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், பெங்களூருக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்கு முன் வட்டமடிக்கக் கிடைத்த நேரம், மழை முன்னறிவிப்பைப் பார்த்துத் தலைமை விமானி கொல்கத்தாவிலேயே கேட்டு வாங்கிய கூடுதல் எரிபொருளால் வந்ததாக இருக்கும். 1,000 கிலோ கூடுதலாக இருந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் சுற்றலாம்.

டேங்கை ஏன் நிரப்புவதில்லை என்ற கேள்விக்கு எடைதான் பதில். பயணிகளும் பெட்டிகளுமாக எரிபொருள் இல்லாமலே 60 டன் இருக்கும் விமானத்தில் டேங்கை முழுக்க நிரப்பினால் மேலும் 19 டன் ஏறும். அந்த வகை விமானம் பறந்தெழ அனுமதிக்கப்பட்ட உச்ச எடையே 78 டன் அளவில்தான். எப்படியோ எழும்பிவிட்டாலும், இறங்குவதற்கான உச்ச எடை 66 டன் அளவில் இருக்கிறது. இரண்டேகால் மணி நேரத்தில் ஐந்தரை டன் எரித்துவிட்டுச் சென்னைக்கு வரும்போது 73 டன்னுக்கு மேல் இருக்குமே, சக்கரங்களும் இறக்கைகளும் பிரேக்கும் என்ன ஆவது? பெரிய விமானங்கள் சிலவற்றைப் போல எரிபொருளை வானிலேயே வெளியேற்றிவிடும் வசதி ஏ320-இல் கிடையாது.

ராணிப்பேட்டை வாசகி:

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. விமான நிறுவனங்களின் செலவில் எரிபொருளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அப்படியிருக்க, மேலிடத்தின் நெருக்குதலால் இந்த அளவுகளைக் கொஞ்சம் குறைத்து எழுத மாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி?

முன்னாள் விமானப்படை, கம்மவான்பேட்டை:

நியாயமான கேள்வி. நெருக்குதலே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கூடுதல் எடையைச் சுமப்பதற்கே, மணிக்கு அந்த எடையில் மூன்று சதவீதம் என்ற கணக்கில் எரிபொருள் போகிறது. ஆகவே விமானி கேட்டு வாங்கும் கூடுதல் அளவை நிறுவனங்கள் கண்காணிக்கத்தான் செய்கின்றன. ஆனால் சிக்கனம் செய்ய இடமிருப்பது அந்தக் கூடுதலில் மட்டும்தான். நான் மேலே சொன்ன பகுதிகளுக்கு விதி ஓர் அடிமட்டத்தை வைத்திருக்கிறது. டிஸ்பேட்சர், அதாவது தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிடும் அலுவலர், தயாரித்த திட்டத்தைத் தலைமை விமானி படித்து ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அவர் அளவைக் கூட்டலாம், அடிமட்டத்துக்குக் கீழே குறைக்க முடியாது. விலை நோக்கில் பார்த்தாலும் எல்லா நேரமும் குறைப்பதே லாபம் என்றில்லை. விமான எரிபொருள் மீதான வாட் வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், மலிவான ஊரில் திரும்பி வருவதற்கும் சேர்த்து நிரப்பிக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

இயற்பியல் ஆசிரியர், குடியாத்தம்:

அடிமட்டம் காகிதத்தில் சரியாக இருந்து டேங்கில் தவறாகிப்போன ஒரு நிகழ்ச்சியை என் மாணவர்களுக்கு அலகுகள் பாடத்தின்போது கரும்பலகையில் போட்டுக் காட்டுவது வழக்கம். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று மாண்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போகவிருந்தது. எரிபொருள் அளவுமானிகள் வேலை செய்யாததால் குச்சி கொண்டு அளந்தார்கள். டேங்கில் 7,682 லிட்டர் இருந்தது. தேவை 22,300 கிலோ. ஒரு லிட்டரின் எடை 0.8 கிலோ என்று பெருக்கியிருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் 1.77 என்று பெருக்கினார்கள். அது பவுண்டுக்கான எண். விளைவாக, 20,000 லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் மட்டுமே ஏற்றப்பட்டது. ஒட்டாவாவில் மறுபடி அளந்தபோதும் அதே தவறான எண்ணால் பெருக்கியதால் பிழை வெளிப்படவில்லை. 41,000 அடியில் பறந்துகொண்டிருக்கையில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இயந்திரங்களும் நின்றுபோயின. விமானிகள் சறுக்கியபடியே வந்து, கிம்லி என்ற ஊரில் கார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்ட பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். இன்று இதை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று கம்மவான்பேட்டை நண்பர் சொன்னால் நன்றாயிருக்கும்.

முன்னாள் விமானப்படை, கம்மவான்பேட்டை:

இரு வேறு வழிகளில் பெற்ற எண்களை ஒப்பிட்டுத்தான், ஆசிரியரே. எரிபொருள் லாரியின் மீட்டர் லிட்டரில் காட்டும். விமானியின் திரை கிலோவில் காட்டும். லாரி ஏற்றிய லிட்டரை அன்றைய அடர்த்தியால் பெருக்கி, டேங்கில் ஏற்கெனவே இருந்ததோடு கூட்டினால் திரையில் உள்ள எண் வர வேண்டும். அனுமதித்த அளவுக்கு மேல் வேறுபட்டால் விமானம் நகராது. திரையின் மீதே ஐயம் வந்தால், இறக்கையின் அடிப்புறத்தில் காந்தக் கோல்கள் இருக்கின்றன. பூட்டைத் திருப்பியதும் கோல் கீழே இறங்கி, உள்ளே மிதவை நிற்கும் மட்டத்தில் காந்தத்தில் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அதில் பொறித்த கோட்டைப் படித்து அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். மின்சாரமே வேண்டாம். இவை தவிர, எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்ப்பதும் உண்டு. வேதிப்பொருள் தடவிய சிறு வில்லை வழியாக ஊசிக்குழாயில் உறிஞ்சும்போது வில்லையின் நிறம் மாறினால் அந்த எரிபொருளை ஏற்றுவதில்லை. பறக்கும்போதும், எரிந்ததையும் மீந்ததையும் கூட்டினால் புறப்பட்ட அளவு வருகிறதா என்று வழியில் குறித்த இடங்களில் பார்க்கிறார்கள்; வராவிட்டால் கசிவு என்று ஐயப்பட வேண்டும்.

அளவையெல்லாம் சரியாகப் பார்த்தும், வாய் திறக்காததால் கெட்டதற்கு 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த, அவியாங்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானம் சான்று. மோசமான வானிலையில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைக்கப்பட்ட அந்த விமானத்தினர், எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதைச் சொன்னார்களே தவிர, அவசர நிலையை முறைப்படி அறிவிக்கவில்லை. 73 பேர் இறந்தார்கள். இப்போதைய நடைமுறையில் இதற்கு இரண்டு படிகள் உள்ளன. இனி வேறு நிலையத்துக்குப் போக வழியில்லை, மேலும் தாமதித்தால் இறுதிக் கையிருப்பில் கைவைக்க நேரும் என்ற கட்டத்தில் 'மினிமம் ஃப்யூயல்' என்று அறிவிக்க வேண்டும். கைவைத்துத்தான் இறங்க முடியும் என்று கணக்கு காட்டியவுடன் 'மேடே ஃப்யூயல்' என்று மூன்று முறை மேடே சொல்லி அறிவிக்க வேண்டும். அதன் பிறகு மற்ற விமானங்களை ஒதுக்கிவிட்டு இதற்கு வழி விடுவார்கள்.

காந்தி ரோடு விடுதிக்காரர், வேலூர்:

மிக்க நன்றி. பெங்களூருக்குப் போனது ஏறத்தாழ எங்கள் தலைக்கு மேலாகத்தான் இருக்கும். அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருக்கிறதே, திருப்பதியும் பக்கத்தில்தானே இருக்கிறது. அங்கெல்லாம் இறக்கினால் என்ன?

முன்னாள் விமானப்படை, கம்மவான்பேட்டை:

அப்துல்லாபுரம் சிறு விமானங்களுக்கானது. ஏ320 இறங்க நீளம் போதாது, அந்த அளவு விமானத்துக்கு வேண்டிய தீயணைப்பு ஏற்பாடும் இருக்க வேண்டும். திருப்பதி ஓடுபாதையில் இறங்கலாம்தான், எரிபொருளும் குறைவாகவே போகும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் சென்னையை மூடும் மேகம், திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவை விட்டுவைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் பல விமானங்கள் திருப்பிவிடப்பட்டால் நிறுத்த இடமும் அங்கே சீக்கிரம் நிறைந்துவிடும். அதனால்தான் மழை நாளில் பெங்களூர் அல்லது ஹைதராபாத் என்று எழுதி, அந்தத் தொலைவுக்கான எரிபொருளைப் புறப்படும் ஊரிலேயே ஏற்றிவிடுகிறார்கள்.