தோப்பு வீட்டுக் குழுவில் பழைய புல்வெட்டி வண்டி

இசக்கி, காலை 7.10
அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பழைய இரும்புக் கடையில் கிடந்த, ஒருவர் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி அம்பாசமுத்திரம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் ஓடிய வண்டியாம். எஞ்சின் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன், 17.5 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர். புது பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் அரைச் சுற்று சுற்றிவிட்டுச் சுவரில் முட்டியதைப் போல நின்றுவிடுகிறது. சித்தப்பா, ஸ்டார்ட்டர் மோட்டாரை வண்ணார்பேட்டையில் ரீவைண்டிங் செய்யக் கொடுக்கலாமா?

அருணாசலம் அண்ணன், காலை 7.24
தம்பி, மேல்மூடித் தகட்டில் மூன்று எண்கள் அடித்திருக்கும். மாடல், டைப், கோடு. மூன்றையும் படம் எடுத்து அனுப்பு. கோடு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் எஞ்சின் செய்யப்பட்ட ஆண்டு, மாதம், நாள். இங்கே அட்லாண்டாவில் உதிரி பாகம் வாங்கப் போனால் கடைக்காரன் முதலில் இவற்றைத்தான் கேட்பான்.

இசக்கி, காலை 7.31
படம் அனுப்பியிருக்கிறேன் அண்ணா. கோடு 990312 என்று தொடங்குகிறது. அப்படியானால் 1999 மார்ச் 12.

சுடலைமுத்துச் சித்தப்பா, காலை 8.05
இசக்கி, ஸ்டார்ட்டரைக் கழற்றாதே. நீ சொல்வது ஸ்டார்ட்டர் நோய் மாதிரி எனக்குத் தெரியவில்லை. இந்த வகை எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்டில் ஒரு சிறிய ஏற்பாடு உண்டு; சாவியைத் திருப்பி எஞ்சின் மெதுவாகச் சுற்றும் நேரத்தில் அது ஒரு வால்வை இம்மியளவு தூக்கிப் பிடித்து, சிலிண்டருக்குள் நெருக்கப்படும் காற்றில் கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தேய்மானத்தால் கூடிப்போனால், அந்த இம்மித் தூக்கல் வால்வை எட்டவே எட்டாது. அப்போது முழு அழுத்தத்தையும் எதிர்த்துச் சுற்ற வேண்டிய ஸ்டார்ட்டர் பாதியில் நின்றுவிடும். பார்ப்பவர்கள் பேட்டரியையும் மோட்டாரையும் மாற்றிமாற்றிப் பணத்தைத் தொலைப்பார்கள். பணிமனையில் எனக்குப் பழக்கமானது பஸ் எஞ்சின்தான் என்றாலும், வால்வு எங்கும் வால்வுதான்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது வேலையைத் தொடங்கு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வந்ததும், அதைத் தாண்டிக் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் அளவு, கீழே இறங்கும்வரை கையால் சுற்றி நிறுத்து. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து, கார்புரேட்டர் பக்கத்து வால்வுக்கு 0.10 மி.மீ., சைலன்ஸர் பக்கத்து வால்வுக்கு 0.15 மி.மீ. வை. உச்சியிலேயே நிறுத்தி அளந்தால் அந்த ஏற்பாடு வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கும்; அளவு பொய் சொல்லும்.

பேச்சியம்மாள் அத்தை, காலை 9.40
நீங்கள் எல்லோரும் சேர்ந்து வண்டியைப் பிரித்துவிடுவீர்கள். பிசான அறுவடை வரைக்கும் அது என் தொழுவத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இசக்கி, மாலை 5.50
சித்தப்பா, இரண்டு வால்வுகளிலும் இடைவெளி 0.30 மி.மீட்டருக்கு மேல் இருந்தது. நீங்கள் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தபின் அதே பேட்டரியில் எஞ்சின் தங்குதடையின்றிச் சுற்றுகிறது. பிளக்கிலும் நல்ல பொறி வருகிறது. ஆனால் பிளக் முனை காய்ந்தே இருக்கிறது. பெட்ரோல் சிலிண்டருக்குள் போகவில்லை.

சுடலைமுத்துச் சித்தப்பா, மாலை 6.15
கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்குக் கீழே மின்சாரத்தால் திறக்கும் அடைப்பான சொலினாய்டு இருந்தால், சாவியைப் போட்டதும் அதில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கிறதா என்று பார். 12 வோல்ட் வராவிட்டால் அது பெட்ரோல் வழியைத் திறக்காது. சத்தம் கேட்டால், கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோலை அளவாக விடும் சிறு துளையான ஜெட்டைச் சுத்தம் செய். ஜெட் துளையில் கம்பியை விட்டுக் குடையாதே. துளை அகன்றுவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கார்புரேட்டர் கிளீனரும் கம்ப்ரஸர் காற்றும் போதும்.

இசக்கி, இரவு 8.20
சத்தம் கேட்டது. கிண்ணத்துக்குள் பழைய பெட்ரோல் பிசினாக இறுகியிருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் எஞ்சின் ஓடிவிட்டது! காணொளி அனுப்பியிருக்கிறேன். ஆயிலையும் மாற்றிவிட்டேன்: எஸ்ஏஇ 30, ஏறத்தாழ 1.4 லிட்டர் பிடித்தது.

அருணாசலம் அண்ணன், இரவு 8.44
மகிழ்ச்சி தம்பி. ஆனால் பெட்ரோல் விஷயத்தில் ஒன்றைக் கவனி. இந்த எஞ்சினுக்குப் பத்து விழுக்காடு எத்தனால் வரைக்கும்தான் சரி என்று நிறுவனத்தின் கையேடே சொல்கிறது. நம் ஊர் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது இருபது விழுக்காடு கலந்த இ20. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டோடு பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்து எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். போதாக்குறைக்கு அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டாங்கைப் பாதி நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால், தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய ரப்பர் குழாய்களும் அதில் ஊறி இளகும்.

சுடலைமுத்துச் சித்தப்பா, இரவு 9.02
அருணாசலம் சொல்வது சரி. வேறு பெட்ரோலுக்கு நாம் எங்கே போவது? ஆகையால் குழாய், ஃபில்டர், கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஃப்ளோட் ஊசி மூன்றையும் புதிதாக மாற்றிவிடு. அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் ஊற்றி, வேலை முடிந்ததும் டாங்கின் வழியை அடைத்துவிட்டு, கிண்ணம் வற்றி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடு. காற்றால் குளிரும் எஞ்சின் இது. மேல்மூடியைக் கழற்றி, சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்புகளுக்கு நடுவில் அடைந்திருக்கும் காய்ந்த புல்லையும் எலிக்கூட்டையும் எடுத்துப்போடு. பெயிண்ட் அடிப்பதெல்லாம் அப்புறம்.

காணொளியில் இன்னொன்றும் பார்த்தேன். வண்டியின் இருக்கையில் யாருமே இல்லை. நீ பக்கத்தில் நின்று வெட்டுத்தகட்டை இணைத்தபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஓடக் கூடாது. இருக்கைக்கு அடியில் உள்ள சுவிட்சை யாரோ ஒயரால் முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த முறுக்கைப் பிரித்துப் புது சுவிட்சு போடும்வரைக்கும் தகட்டில் பெல்ட்டை மாட்டவே கூடாது.

பேச்சியம்மாள் அத்தை, இரவு 9.15
அந்தத் தகடு அவ்வளவு வேகமாகவா சுற்றும்?

அருணாசலம் அண்ணன், இரவு 9.21
அத்தை, தகட்டின் நுனி வேகம் நொடிக்கு ஏறக்குறைய 96 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தரநிலை வரம்பு வைத்திருக்கிறது. மணிக்குக் கணக்கிட்டால் 340 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு சரளைக்கல் அதில் பட்டுத் தெறித்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சியம்மாள் அத்தை, இரவு 9.30
அப்படியென்றால் தென்னந்தோப்புக்குள் அந்த வண்டி வரவே கூடாது. அங்கே மட்டையும் குரும்பையும் சிரட்டையும் கல்லும் கிடக்கின்றன. அறுக்கிற புல்லும் எனக்கு மாட்டுக்கு வேண்டும். வீட்டுக்கு முன்னால் உள்ள வெளியில் மட்டும், கல் பொறுக்கிய பிறகு, பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு ஓட்டிக்கொள்ளட்டும்.

சுடலைமுத்துச் சித்தப்பா, இரவு 9.38
மதினி சொன்னபடியே செய், இசக்கி. வாய்க்கால் கரைச் சரிவிலும் குறுக்கே ஓட்டாதே, வண்டி புரண்டுவிடும். தகட்டைத் தீட்டியபின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய். எடை சமமில்லாத தகடு பேரிங்கைச் சீக்கிரமே தின்றுவிடும்.

இசக்கி, இரவு 9.50
பேரிங் எண் 6203 என்றிருக்கிறது சித்தப்பா. அது ஜங்ஷன் கடையிலேயே கிடைக்கும். பெல்ட்டுக்குத்தான் வழி தெரியவில்லை. ஓரம் பிய்ந்து, எண்ணும் அழிந்துவிட்டது.

அருணாசலம் அண்ணன், இரவு 9.57
மாவு மில்லுக்குப் போடும் சாதாரண வி-பெல்ட்டை வாங்காதே. இந்த வண்டியில் பெல்ட் முதுகுப் பக்கமாகவும் வளைந்து ஓடும். அதைத் தாங்குகிற வகை இங்கே கிடைக்கிறது. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன், நீளத்தை மட்டும் அனுப்பு.

சுடலைமுத்துச் சித்தப்பா, இரவு 10.03
பழைய பெல்ட்டை அளக்காதே, அது இழுபட்டு நீண்டிருக்கும். பெல்ட் ஓடும் வழியில் எல்லாப் புல்லிகளையும் சுற்றி நூலை விட்டு, பெல்ட்டை இறுக்கும் டென்ஷன் புல்லியைப் பாதித் தூரத்தில் நிறுத்திக்கொண்டு அளந்து அனுப்பு.