வாசனை வேறு, வினை வேறு: பழகியவர்கள் கண்டது

திண்ணை:
இந்த இழைக்கு ஒரே நிபந்தனை, சொந்தக் கதை வேண்டாம். 'போன ஜென்மத்தில் நான் யார்' என்று கேட்பவர்கள் வேறு இடம் பாருங்கள். ஜீவனும் பிரம்மமும் ஒன்றே என்கிற அத்வைத நூல்களைப் பாடம் கேட்டு, பழகி, வாசனை (செய்த செயல் மனத்தில் விட்டுப்போகும் பழக்கப் பதிவு) என்ற சமாச்சாரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அது எப்படிப் பிடிபடுகிறது, எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். முதலில் ஒரு அடிப்படைக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். வினையும் வாசனையும் ஒன்றா?

எள்ளுச்செக்கு:
ஒன்றில்லை. பூ எண்ணெய் எடுக்கிற பழைய முறையைப் பார்த்தால் புரியும். உத்தரப்பிரதேசத்து ஜான்பூர் இதற்குப் பேர்போன ஊர். எள்ளை ஒரு படுகை பரப்புவார்கள், மேலே மல்லிகை ஒரு படுகை, அதற்கு மேல் மறுபடியும் எள். பூ வாடியதும் சலித்து எறிந்துவிட்டுப் புதுப் பூ போடுவார்கள். இப்படிப் பல தடவை. கடைசியில் பூ ஒன்றுகூட மிச்சமிருக்காது. எள்ளைக் கையில் அள்ளிப் பார்த்தால் வெறும் எள்தான். செக்கில் போட்டு ஆட்டினால் வருகிற எண்ணெய் மல்லிகையாய் மணக்கும்.

பூ நீங்கள் செய்த செயல், அது எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. எள்ளில் ஏறிய மணம் வாசனை. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ஜீவன் உடம்பை விட்டுப் போகும்போது, காற்று பூவிலிருந்து மணத்தை எடுத்துப்போவது போல மனத்தையும் இந்திரியங்களையும் எடுத்துப்போகிறான் என்று கீதை 15.8-ம் இதே உவமையைத்தான் சொல்கிறது.

கூடம்:
இதோடு ரமணரின் உபதேச உந்தியார் இரண்டாம் பாட்டைச் சேர்த்துப் படிக்கவேண்டும். 'வினையின் விளைவு விளிவுற்று வித்தாய் வினைக்கடல் வீழ்த்திடும்'. விளைவு, வித்து என்று இரண்டு சொல் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு செயல் செய்தால் இரண்டு மிச்சம். ஒருவரைத் திட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்றோ ஒருநாள் அதற்கான பலன் வந்து சேரும், அது விளைவு. அனுபவித்தவுடன் தீர்ந்துபோகும். அடுத்த தடவை திட்டுவது இன்னும் சுலபமாக வரும் பாருங்கள், அது வித்து. அது அனுபவித்துத் தீராது, தடித்துக்கொண்டே போகும்.

'ஆசையை அனுபவித்துத் தீர்த்துவிடுவோம்' என்று சொல்பவர்கள் தவறுவது இங்கேதான். வினைக்குப் பொருந்துகிற சட்டத்தை வாசனைக்குப் போடுகிறார்கள். நெய் ஊற்றி நெருப்பை அணைக்க முடியாது என்று, ஆசையை அனுபவித்தே தீர்க்கப் பார்த்த யயாதி மகாராஜா அலுத்துப்போய்ச் சொன்னது இதைத்தான். 'தவாஅப் பிறப்பீனும் வித்து' என்று குறள் 361 அவாவுக்குப் பெயர் வைத்ததும் காரணத்தோடுதான்.

திண்ணை:
சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் மூன்றும் இதில் எங்கே வரும்?

கூடம்:
அவை வினைக் கணக்கு. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இந்த உடம்புக்கென்று எடுத்தது பிராரப்தம், இப்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். அம்பறாத்தூணியில் இருப்பது, விட்டது, நாணில் தொடுப்பது என்று அம்பை வைத்துச் சொல்வார்கள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடைமுறையில் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

சாயங்காலம் தெருமுனையில் வாழைக்காய் பஜ்ஜி போடுகிறார்கள். காற்று உங்கள் பக்கம் அடித்தது, மணம் மூக்கில் ஏறிவிட்டது. நீங்கள் வரவழைக்கவில்லை, இது பிராரப்தம். 'ரெண்டு வாங்கினால் என்ன' என்று உள்ளே ஒரு அசைவு, இது வாசனை. இதையும் நீங்கள் கூப்பிடவில்லை. கால் கடைப்பக்கம் திரும்புகிறது. இந்த மூன்றாவதுதான் புதுக் கணக்கு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் நூலிழை இடைவெளி இருக்கிறது. கீதை 3.33 'எல்லோரும் தம் பிரகிருதிப்படியே (சுபாவப்படியே) நடக்கிறார்கள், அடக்கி என்ன ஆகும்' என்று கைவிரிப்பதுபோல் இருக்கும். அங்கேயே நிறுத்திவிட்டு விதி விதி என்று புலம்புபவர்கள் அதிகம். அடுத்த சுலோகமே 'விருப்பு வெறுப்பின் வசப்படாதே' என்கிறது. இடைவெளி இல்லாவிட்டால் அந்த வரிக்கே வேலை இல்லை. அங்கே பிரகிருதி என்பதற்குச் சங்கரர் சொல்லும் பொருள், முன்பு செய்த தர்ம அதர்மங்களின் சம்ஸ்காரம் (உள்ளே விழுந்த பதிவு) இந்தப் பிறவியின் தொடக்கத்தில் வெளிப்பட்டு நிற்பது.

பாஷ்யம்:
பிறவிச் சுபாவத்துக்குச் சுருதியிலேயே, அதாவது வேதத்திலேயே, நேரான இடம் பிருகதாரண்யக உபநிஷத் 4.4.2. உடம்பை விட்டுப் புறப்படுகிறவனோடு மூன்று கூடப் போகின்றன என்கிறது: வித்யை (அறிவு), கர்மம், பூர்வபிரஜ்ஞை. மூன்றாவது முன் அனுபவத்தின் வாசனை. அங்கே சங்கரர் காட்டும் உதாரணம் ரொம்பச் சாதாரணமானது. சிலருக்குச் சித்திரம் எழுதுவது போன்ற வேலைகள் இந்தப் பிறவியில் பழகாமலே பிறந்தது முதல் கைவருகின்றன, சிலருக்கு மிகச் சுலபமான வேலைகூடக் கைவருவதில்லை. மந்திரம், மாயம் எதுவும் இல்லை, கண்ணால் பார்க்கிற விஷயம்.

பிரம்மசூத்திரம் 3.1.8 இன்னும் நுணுக்கம். சொர்க்கத்தில் புண்ணியத்தைச் செலவழித்தவன் வெறுங்கையோடு திரும்புவதில்லை, 'அனுசயம்' என்ற மிச்சத்தோடு இறங்குகிறான். எண்ணெயைக் கவிழ்த்துக் கொட்டினாலும் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கு மாதிரியா என்று சங்கரரின் உரையான பாஷ்யத்தில் ஒரு விவாதமே நடக்கிறது. அந்தப் பாத்திர உவமையைச் சங்கரர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது பலருக்குத் தெரியாது. செலவான புண்ணியத்தின் பிசுக்கு அல்ல, பலன் தரத் தொடங்காத வேறு வினைகள்தான் அனுசயம் என்பது அவர் முடிவு.

சந்தேகி:
பிறந்த குழந்தை பால் குடிப்பது, பாட்டு வருவது, எல்லாவற்றுக்கும் ஜீன் என்று ஒரு பதில் இருக்கிறதே. போன பிறவி எதற்கு?

பாஷ்யம்:
இந்த ஆட்சேபம் பழசு. தர்க்க நூலான நியாயசூத்திரம் மூன்றாம் அத்தியாயத்திலேயே வருகிறது. முன் பழக்கம் இல்லாமல் சிசுவுக்குப் பால்மேல் ஆசை வராது என்கிறார் சித்தாந்தி, அதாவது நூலின் தரப்பைப் பேசுபவர். இரும்பு காந்தத்திடம் போகிறதே, அதுவும் பழக்கமா என்று மடக்குகிறார் எதிராளி. இரும்பு காந்தத்திடம்தான் போகிறது, மண்ணாங்கட்டியிடம் போவதில்லை, அந்த ஒழுங்குக்கும் ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும் என்று பதில். இதை வைத்து இன்றைய ஒருவரை ஒப்புக்கொள்ள வைக்கமுடியும் என்று நான் நினைக்கவில்லை. அத்வைதிக்கு மறுபிறப்பில் பிரமாணம் (ஆதாரம்) சுருதி. யுக்தி (தர்க்கம்) அதற்குத் துணைதான். ஜீனோடு சண்டையும் தேவையில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஸ்தூல உடம்பு தாய் தகப்பனிடமிருந்து வருவதை யாரும் மறுக்கவில்லை. எந்த உடம்பு யாருக்கு வாய்த்தது என்பதுதான் இங்கே கேள்வி.

யோகசூத்திரம் 4.8-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்த உடம்புக்குத் தோதான வாசனைகள்தான் எழும், மற்றவை தூங்கும். பூனை உடம்பில் பூனை வாசனை.

சந்தேகி:
சரி, ஏன் ஒன்றும் ஞாபகம் இல்லை?

பாஷ்யம்:
சம்ஸ்காரம் வேறு, ஸ்மிருதி (ஞாபகம்) வேறு. நடக்கப் பழகிய நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நடக்கிறீர்கள் அல்லவா? பதிவு வேலை செய்ய ஞாபகம் தேவையில்லை. ஞாபகமாக எழும்பத் தூண்டுகோல் ஒன்று வேண்டும், பழைய உடம்பும் ஊரும் உறவும் போனபின் தூண்ட என்ன இருக்கிறது? யோகசூத்திரம் 3.18 சம்ஸ்காரத்தில் சம்யமம் (மனத்தை முழுக்க ஒருமுகப்படுத்துவது) செய்தால் முற்பிறவி தெரியும் என்கிறது. ஆனால் அது சித்திகள் (அதிசய சக்திகள்) பட்டியலில் இருக்கிறது. ஹிப்னாடிசம் செய்து போன ஜென்மம் காட்டுகிறோம் என்று காசு வாங்குபவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கரும்பலகை:
வாசனையை ஒரு தனிப் பாடமாகவே எழுதியவர் வித்யாரண்யர், பதினான்காம் நூற்றாண்டு, சிருங்கேரி. ஜீவன்முக்தி விவேகத்தில் இரண்டாம் பிரகரணம் (அத்தியாயம்) முழுக்க வாசனாக்ஷயம், அதாவது வாசனையைத் தேய்ப்பது. மலின (அழுக்கான) வாசனையை லோகம், சாஸ்திரம், தேகம் என்று மூன்றாகப் பிரிக்கிறார். 'எல்லோரும் என்னைப் புகழவேண்டும், ஒருவரும் இகழக்கூடாது' என்பது லோகவாசனை. ராமனையும் சீதையையும்கூட ஊர் பேசிற்று, மற்றவர்களைக் கேட்கவேண்டுமா என்று ஒரே போடாகப் போடுகிறார்.

நம் கூட்டத்துக்கு உறைக்கவேண்டியது சாஸ்திரவாசனை. அது மூன்று வகை. பாட வெறி: பரத்வாஜர் மூன்று ஆயுள் வேதம் ஓதிவிட்டு நான்காவது கிடைத்தாலும் ஓதுவேன் என்கிறார். இந்திரன் மூன்று மலைகளைக் காட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண் அள்ளி, நீ படித்தது இவ்வளவுதான் என்கிறான். பல நூல் வெறி: துர்வாசர் வண்டி நிறையப் புத்தகத்தோடு சிவன் சபைக்கு வருகிறார், நாரதர் பொதி சுமக்கும் கழுதை என்கிறார், கோபத்தில் அத்தனையும் கடலுக்குப் போகிறது. அனுஷ்டான வெறிக்கு நிதாகர். ருபு முனிவர் திரும்பத் திரும்ப வந்து சொல்லியும் கர்மத்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டவர்.

தேகவாசனையில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். குரல் இனிக்கவேண்டும் என்று மக்கள் எண்ணெய் குடிக்கிறார்கள், மிளகு தின்கிறார்கள் என்று எழுதுகிறார். பாட்டுக்காரர்கள் அன்றும் அப்படித்தான்.

திண்ணை:
எப்படிக் குறைப்பது? அதைச் சொல்லுங்கள்.

நெய்விளக்கு:
வித்யாரண்யர் யோகவாசிஷ்டம் என்ற நூலிலிருந்து எடுத்துத் தரும் வரிசை இது. முதலில் விஷயவாசனையை மனத்தளவில் விடு. அந்த இடத்தைக் காலியாக விடாமல் மைத்ரி (நட்பு) முதலான நல்ல வாசனையைப் பிடி. பிறகு அதையும் உள்ளுக்குள் விட்டுவிட்டு, வெளியில் அதைக்கொண்டே நடமாடிக்கொண்டிரு. உள்ளே சின்மாத்திர (வெறும் அறிவே என்ற) வாசனை மட்டும் நிற்கட்டும். கடைசியில் அதுவும் போகும்.

இரண்டாம் படி யோகசூத்திரம் 1.33. யாரிடம் எது என்பதில்தான் எல்லோரும் சொதப்புகிறார்கள். சுகமாயிருப்பவனிடம் மைத்ரி, 'இவன் சுகம் என் சுகம்' என்ற பாவனை, இதற்குப் பொறாமை அடங்கும். துன்பப்படுபவனிடம் கருணை, வெறுப்பு அடங்கும். புண்ணியம் செய்பவனிடம் முதிதை (மகிழ்ச்சி). பாபம் செய்பவனிடம் உபேக்ஷை (கண்டுகொள்ளாமை). பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் உபேக்ஷை காட்டுவது சாதனை இல்லை, அது பொறாமைக்குப் போட்ட போர்வை. அங்கே மருந்து மைத்ரி. அதேபோல அயோக்கியத்தனம் செய்பவனிடம் வலிந்து மைத்ரி பாராட்டினால் அவன் குணம் நம்மில் ஏறும்.

வழக்கமாக நேரும் இன்னொரு பிசகு, அடக்குவதை நாசம் என்று நினைப்பது. பட்டினி கிடந்தால் விஷயம் விலகும், ருசி விலகாது என்று கீதை 2.59 சொல்கிறது. நாற்பது நாள் காப்பியை விட்டவர் நாற்பத்தோராம் நாள் மூன்று டம்ளர் குடிப்பார்.

லயத்தை (மனம் தற்காலிகமாக ஒடுங்குவதை) நாசமாக எடுத்துக்கொள்வது இதைவிடப் பெரிய தவறு. கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டுச் சமாதியில் ஆழ்ந்துவிடுகிறார். நெடுங்காலம் கழித்துக் கண் திறந்ததும் முதல் பேச்சு 'தண்ணீர் எங்கே'. சீடனும் இல்லை, கங்கையும் இடம் மாறிவிட்டது. தண்ணீர் என்ற ஒரு வாசனை மட்டும் அலுங்காமல் இருந்தது. ரமணர் அடிக்கடி சொன்ன உதாரணம் இது. தினமும் தூக்கத்தில் எல்லா வாசனையும் அடங்குகிறது, எழுந்தால் ஒன்று குறையாமல் நிற்கிறது. அடங்குவதால் மட்டும் ஒன்றும் அழிவதில்லை.

கரும்பலகை:
ஒன்று சேர்க்கிறேன். தத்துவஞானம், வாசனாக்ஷயம், மனோநாசம் (மனம் அழிவது) மூன்றையும் சேர்த்தே நெடுநாள் பழகவேண்டும், ஒன்றைத் தனியாக எடுத்தால் பலிக்காது என்பது வித்யாரண்யர் கண்டிப்பு. வெறும் படிப்பாளிக்கும் வெறும் தியானக்காரருக்கும் ஒரே இடத்தில் இடறுவது இதனால்தான்.

சந்தேகி:
ஞானிக்கும் பிராரப்தம் உண்டா? உண்டு என்கிறார்கள், இல்லை என்கிறார்கள்.

பாஷ்யம்:
இரண்டும் இருக்கிறது. பிரம்மசூத்திரம் 4.1.15-ன்படி பலன் தரத் தொடங்காத வினைதான் ஞானத்தால் அழியும், விட்ட அம்பு வேகம் தீரும்வரை போகும். ரமணர் உள்ளது நாற்பது அனுபந்தத்தில், ஞானிக்குப் பிராரப்தம் உண்டு என்பது மற்றவர் கேள்விக்குச் சொல்லும் பதில் என்று ஒதுக்குகிறார். மூன்று மனைவி உள்ளவன் செத்தால் ஒருத்தி மட்டும் கைம்பெண் ஆகாமல் மிஞ்சுவாளா? 'நான் செய்கிறேன்' என்கிற கர்த்தா போனபின் மூன்று வினையும் போச்சு. பார்க்கிறவர் கண்ணுக்கு உடம்பு ஓடுகிறது, அவ்வளவுதான்.

கூடம்:
ஒரு மனத்தாங்கல். ஊனத்தோடு பிறந்த குழந்தையின் தாயிடம் போய் 'பூர்வஜென்ம பாவம்' என்பவர்களைப் பார்த்தாலே எரிகிறது. 'கர்மத்தின் போக்கு ஆழமானது' என்று கீதை 4.17 சொன்னபின் இவர்களுக்கு மட்டும் கணக்கு எப்படிப் புரிந்தது? துன்பப்படுபவரிடம் கருணை என்று மேலேயே எழுதியாகிவிட்டது. அவர் கணக்கைத் துருவுவது நம் வேலை இல்லை.

திண்ணை:
கடைசியாக ஒன்று. ஆத்மா எங்கும் நிறைந்தது என்றால் போவது எது?

பாஷ்யம்:
சூக்ஷ்ம சரீரம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுடம்பு. ஞானேந்திரியம் 5, கர்மேந்திரியம் 5, பிராணன் 5, மனம், புத்தி, ஆக 17. சித்தத்தையும் அகங்காரத்தையும் தனியே எண்ணுபவர்களுக்கு 19. குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனால் குடத்துக்குள் இருக்கும் ஆகாயமும் போனதுபோல் தோன்றும். அது எங்கும் போகவில்லை. கௌடபாதர் மாண்டூக்ய காரிகை 2.32-ல் பிறப்பும் இல்லை, ஒடுக்கமும் இல்லை, கட்டுண்டவனும் இல்லை, முக்தனும் இல்லை என்று முடித்தே விடுகிறார்.

சந்தேகி:
எதுவுமே பிறக்கவில்லை என்றால் நாலு பாவனை, மூன்று வாசனை எல்லாம் யாருக்கு? எங்கிருந்து தொடங்குவது?

நெய்விளக்கு:
கேட்கிறவருக்கு. தொடங்குகிறவர்கள் எல்லோரும் சாப்பாட்டில் கைவைக்கிறார்கள். அது வேண்டாம், பசியும் ருசியும் பின்னிக் கிடக்கிற இடம், பிரிப்பது கஷ்டம். லோகவாசனை சுலபமாக அகப்படும், ஒரு நாளில் பல தடவை தலை நீட்டும். இங்கே பதில் எழுதியவர்கள் எல்லோருக்கும், எனக்கும்தான், எத்தனை விருப்பம் விழுந்தது என்று பத்து நிமிஷத்தில் திரும்ப வந்து பார்க்கத் தோன்றும். கை போனை எடுப்பதற்கு முன்னால் அந்த அசைவு தெரிகிறதா என்று பாருங்கள்.