1876 அமெரிக்கத் தேர்தல்: மூல ஆவணம் தேடுகிறோம்

நண்பர்களே, அமெரிக்க அரசியல் வரலாற்றைக் காலவரிசையாகத் தமிழில் தொகுத்து வருகிறோம். 1876 அதிபர் தேர்தலில் முட்டி நிற்கிறது.

எண்ணிக்கையில் குழப்பமில்லை. மொத்தம் 369 தேர்வாளர் வாக்குகள் (மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்போர் அளிப்பவை). வெல்ல 185 வேண்டும். ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184, குடியரசுக் கட்சியின் ஹேய்ஸுக்கு 165. தகராறில் இருந்தவை 20: லூசியானா 8, தென் கரோலினா 7, ஃபுளோரிடா 4, ஓரிகன் 1. இதைத் தீர்க்கக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அமைத்த 15 பேர் கொண்ட ஆணையம் முக்கியக் கேள்விகளில் எல்லாம் 8-7 என்று பிரிய, இருபதும் ஹேய்ஸுக்கே போயின. கட்சி சாராதவர் என்று நம்பப்பட்ட நீதிபதி டேவிட் டேவிஸை இலினாய் சட்டமன்றம் செனட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆணையத்தில் அவருக்கென எதிர்பார்க்கப்பட்ட இடத்துக்குக் குடியரசுக் கட்சிக்காரரான பிராட்லி வந்தார். ஆட்டத்தைத் திருப்பியதே அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

இடிப்பது அடுத்த கட்டம். 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா அரசு மாளிகைகளை ஒட்டி நின்ற கூட்டாட்சிப் படைகள் விலக்கப்பட்டன. அதற்கு முன், பிப்ரவரி 26 அன்று, வாஷிங்டனின் வோர்ம்லி ஹோட்டலில் இரு தரப்பினரும் பேசினார்கள். ஆனால் ஹேய்ஸ் அதிபராக வழிவிட்டால் படைகள் விலகும் என்ற பேரம் முடிந்ததற்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. பாடநூல்களோ கூசாமல் "உடன்படிக்கை" என்கின்றன!

அங்கே இருந்தவர்களின் கடிதமோ, பின்னாளில் காங்கிரஸ் விசாரணையில் சொன்ன சாட்சியமோ ஸ்கேன் வடிவில் யாரிடமாவது இருந்தால் பக்க எண்ணோடு பகிருங்கள். சுருக்க நூல்கள் வேண்டாம், கைவசம் இருக்கின்றன.