ஓப்பன் ரெயில்ஸ்: இறக்கத்தில் மூன்றாவது தடவை பிரேக் பிடிக்கவில்லை, ஏன்?

மலைப்பாதை (கேள்வி)
2001-இல் மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரோடு வந்த மரியாஸ் பாஸ் பாதையை (அமெரிக்க மலை ரயில் பாதை) ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் ஓட்டும் மென்பொருளில் ஓட்டுகிறேன். மூன்று டேஷ் 9 எஞ்சின், பின்னால் முழு லோடு கூட்ஸ். சம்மிட் தாண்டி எசெக்ஸ் பக்கம் இறங்கும்போது பிரேக் பைப் காற்றழுத்தத்தை 10 பிஎஸ்ஐ குறைத்தால் வேகம் தணிகிறது. ரிலீஸ் செய்ததும் மறுபடி எகிறுகிறது. இப்படி இரண்டு தடவை சரி. மூன்றாவது தடவை பிரேக் பைப் 82 என்று காட்டியும் பெட்டிகளில் பிரேக் விழவே இல்லை. மென்பொருள் பிழையா?

டிரிப்பிள்வால்வு
பிழை இல்லை. நிஜ வண்டியிலும் இதேதான் நடக்கும். எஃப்5 அழுத்தி, பிறகு ஷிஃப்ட்+எஃப்5-ஐ அழுத்திக்கொண்டே போனால் பிரேக் விவரப் பக்கம் வரும். ஒவ்வொரு பெட்டியின் துணைத் தொட்டி (பிரேக்குக்கான காற்றைச் சேர்த்துவைப்பது) அழுத்தத்தை அங்கே பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

முழு சார்ஜில் பைப்பும் தொட்டியும் 90. பைப்பை 80-க்கு இறக்கினால் தொட்டியிலிருந்து காற்று சிலிண்டருக்குப் போகும், 2.5 மடங்கு கணக்கில் சிலிண்டரில் 25 பிஎஸ்ஐ. தொட்டியும் 80-க்கு வந்துவிடும். ரிலீஸ் செய்தால் சிலிண்டர் உடனே காலி. ஆனால் தொட்டி நிரம்ப நேரம் பிடிக்கும், நீள வண்டியில் நிமிடக் கணக்கில். தொட்டி 82-இல் இருக்கும்போது பைப்பை 82-க்கு இறக்கினால் வித்தியாசம் பூஜ்யம், பிரேக்கும் பூஜ்யம். அதற்கும் கீழே இறக்கினால்தான் ஏதாவது பிடிக்கும், அதுவும் பலவீனமாக.

இறக்கத்தான்
மேற்குப் பக்கச் சரிவு 1.8 சதவீதம். அதாவது 1000 டன்னுக்கு 18 டன் விசை வண்டியைக் கீழே தள்ளுகிறது. பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்கும் இடமே இல்லை அது.

சம்மிட்டிலேயே, வேகம் குறைவாக இருக்கும்போதே, ஏ அழுத்தி திராட்டிலைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். சில நொடி விட்டு முற்றுப்புள்ளி விசையால் டைனமிக் பிரேக்கை (எஞ்சின் மோட்டார்களையே ஜெனரேட்டராக்கி வேகம் தணிக்கும் மின் பிரேக்) படிப்படியாக ஏற்றுங்கள். பிறகு மேற்கோள் விசையால் (') 6 முதல் 8 பிஎஸ்ஐ வரை ஒரே தடவை குறைத்து, அப்படியே விட்டுவிடுங்கள். வேகம் கூடினாலும் குறைந்தாலும் டைனமிக்கில் மட்டும் சரிசெய்யுங்கள். குறைக்கக் காற்புள்ளி விசை. போதாவிட்டால் இன்னும் 2 பிஎஸ்ஐ, அவ்வளவுதான். 26 பிஎஸ்ஐ குறைத்தால் சிலிண்டரும் தொட்டியும் 64-இல் சமமாகிவிடும். அதற்கு மேல் குறைத்தும் பயனில்லை.

காற்றுப் பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் சாய்கோடு (/) அழுத்தி எஞ்சின் பிரேக்கை விலக்க மறக்காதீர்கள். டைனமிக்கும் எஞ்சின் பிரேக்கும் சேர்ந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

ஸ்டீல்கோச்
ஆப்ஷன்ஸில் கிராஜுவேட்டட் ரிலீஸ் ஏர் பிரேக்ஸ் டிக் செய்தால் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தலாமே? இவ்வளவு கஷ்டம் வேண்டாம்.

டிரிப்பிள்வால்வு
@ஸ்டீல்கோச் தளர்த்தலாம், ஆனால் அது பயணிகள் வண்டிக்கான நடத்தை. அமெரிக்க கூட்ஸ் பெட்டி ஒற்றைப் பைப். பைப் அழுத்தம் சற்று ஏறினாலே முழுசாக ரிலீஸ் ஆகும். நம் ஊர் இரட்டைப் பைப் கோச் ஓட்டுபவர்களுக்கு அந்த டிக் பொருந்தும்: பிரேக் பைப் 5, ஃபீட் பைப் 6 கிலோ, தொட்டி ஃபீட் பைப்பிலிருந்து நிரம்பிக்கொண்டே இருக்கும். மரியாஸில் டிக்கை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், இந்தப் பாதையின் உயிரே அந்த இறக்கம்தான்.

மலைப்பாதை
நன்றி. ஏற்கெனவே காற்று தீர்ந்து ஓட ஆரம்பித்துவிட்டால் மீட்க வழி உண்டா?

இறக்கத்தான்
தயங்காமல் பேக்ஸ்பேஸ், எமர்ஜென்சி. தாமதித்தால் அதற்கும் காற்று மிஞ்சாது. நின்றதும் ஷிஃப்ட்+மேற்கோள் விசையால் கைப்பிரேக் போட்டு, ஷிஃப்ட்+] அழுத்தி ரீடெய்னர் (ரிலீஸ் செய்தாலும் சிலிண்டரில் கொஞ்சம் காற்றைப் பிடித்துவைக்கும் வால்வு) வையுங்கள். பெட்டிகளில் ரீடெய்னர் இல்லையென்றால் ஆப்ஷன்ஸில் 'எல்லாப் பெட்டிக்கும் ரீடெய்னர்' என்ற தெரிவு இருக்கிறது. பிறகு எமர்ஜென்சியை விலக்கி, அரைப்புள்ளி விசையால் ரிலீஸ் செய்து, கடைசிப் பெட்டியின் தொட்டி 90-ஐ எட்டும்வரை காத்திருங்கள். முன்பெட்டி மட்டும் 90 காட்டினால் போதாது. 10 பிஎஸ்ஐ போட்ட பிறகே ஷிஃப்ட்+அரைப்புள்ளியால் கைப்பிரேக்கை எடுக்கவும்.