மூன்றாம் எஸ்டேட்டைத் தமிழில் எப்படி வழங்குவது?

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பிரெஞ்சுப் புரட்சி பற்றிய கல்லூரிப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். முதல் இயலை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். 1614க்குப் பிறகு கூட்டப்படாமலே கிடந்து, 1789 மே 5 அன்று வெர்சாயில் பதினாறாம் லூயியின் முன்னிலையில் தொடங்கிய எஸ்டேட்ஸ்-ஜெனரல் என்னும் சபையில், குருமார், பிரபுக்கள், இவ்விரண்டிலும் சேராத ஏனையோர் என மூன்று எஸ்டேட்டுகளின் (மக்கட்பிரிவுகளின்) பிரதிநிதிகள் அமர்ந்தார்கள். ‘மூன்றாம் வர்க்கம்’ என்று எழுதியிருந்தேன், மேலாய்வாளர் அடித்துவிட்டார். போர்தோ துறைமுகத்துப் பெருவணிகரும், வழக்கறிஞரும், கூலிக்கு அறுவடை செய்தவரும் சேர்ந்தே அதில் இருந்தபோது வர்க்கம் என்பது பொருந்தாது என்பது அவர் வாதம், மறுக்க முடியவில்லை. ‘எஸ்டேட்’ என்றே விட்டுவிடலாம் என்றால், நம் மாணவருக்கு அச்சொல் தேயிலைத் தோட்டத்தைத்தான் காட்டும். அவர்கள் செலுத்திய நேரடி வரியின் பெயர் பிரெஞ்சில் ‘தாய்’ என்று ஒலிப்பதால் அதைக் குடியிறை என்று மாற்றித் தப்பித்தேன். இதற்கு வழி தெரியவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அன்புடையீர், சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. ‘பால்’ என்று எழுதுங்கள். ‘வேற்றுமை தெரிந்த நாற்பால் உள்ளும், கீழ்ப்பால் ஒருவன் கற்பின், மேற்பால் ஒருவனும் அவன்கண் படுமே’ என்று புறநானூற்றில் பாண்டியன் நெடுஞ்செழியன் சொல்வது சமுதாயப் பகுப்பைத்தானே? பகு என்னும் வினையடியிலிருந்து பகல், அதிலிருந்து பால் என்பது என் துணிபு; அகல் ஆல் ஆனதை ஒப்பு நோக்குக. ‘பாத்தூண்’ என்று வள்ளுவர் பகுத்துண்பதைச் சொல்வதிலும் அதே வேர்தான் உள்ளது. இன்னும் ஆழமாகச் சென்றால், தொல்காப்பியத்தின் ‘பால்வரை தெய்வம்’ என்பதில் பால் ஊழாகிறது. ஒருவனுக்கென வகுக்கப்பட்ட பங்கு என்னும் பொருளில், பிறந்த இடத்தால் வாய்த்த நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சொல் உண்டா? ஐம்பாலை எண்ணும்போது ஆண்பால், பெண்பாலுக்கு அடுத்து மூன்றாவதாக நிற்பது பலர்பால். பிரான்சின் மூன்றாம் பாலும் பலர்பாலே என்பதைக் கண்டு மகிழ்ந்தேன்.

வரலாற்று ஆசிரியை எழுதியது:

ஐயா அவர்களுக்கு வணக்கம். பலர்பால் விளக்கத்தை மிகவும் ரசித்தேன். ஆனால் என் வகுப்பில் ‘மூன்றாம் பால்’ என்றால் கடைசி வரிசையில் இருப்பவர்கள் காமத்துப்பால் என்று சிரிப்பார்கள். மற்றவர்கள் மூன்றாம் பாலினம் என்று எழுதிவைப்பார்கள். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. நாற்பால் பிறப்பால் வருவது. ஊழ் என்ற பொருளைச் சேர்த்தால் அந்தச் சாயல் இன்னும் அழுத்தமாகிவிடும். பிரெஞ்சுக் குருமார் எவரும் குருமாராகப் பிறக்கவில்லை. ஆயர்கள் பெரும்பாலும் பிரபுக் குடும்பத்தவர், சிற்றூர்ப் பங்குக் குருமார் பெரும்பாலும் எளிய குடியினர். ஆயினும் இருவரும் முதல் எஸ்டேட்டே. ஜூன் 19 அன்று குருமாரின் பிரதிநிதிகள் சிறு பெரும்பான்மையில் மூன்றாமவரோடு இணைய முடிவெடுத்ததற்கு அந்தப் பங்குக் குருமாரே காரணம். பிரபுப் பட்டமோ சில அரசுப் பதவிகளை விலைக்கு வாங்கினால் கிடைத்தது. மிராபோ பிறப்பால் பிரபு, சீயெஸ் குரு. இருவரும் மூன்றாம் எஸ்டேட்டின் பிரதிநிதிகளாகவே வெர்சாய்க்கு வந்தார்கள். ஆகவே நமக்கு வேண்டியது, சட்டமும் வழக்கமும் தந்த உரிமைகளாலும் சலுகைகளாலும் பிரிக்கப்பட்ட மக்கட்பிரிவு என்ற பொருள். நான் ‘படிநிலை’ என்பேன்.

இதனோடு ஒட்டிய இன்னொரு தொடரையும் கவனியுங்கள். மூன்றாமவருக்கு மற்ற இருவருக்கும் சேர்த்துள்ள அளவு, ஏறத்தாழ 600 இடங்கள், கிடைத்தன. ஆனால் ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரே வாக்கு என்றால் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்கள் எப்போதும் தோற்றிருப்பார்கள். அதை மாற்றக் கேட்டதுதான் முதல் ஆறு வாரப் பூசல். பிரதிநிதி ஒவ்வொருவரின் வாக்கையும் தனித்தனியே எண்ண வேண்டும் என்ற அந்தக் கோரிக்கையை ‘தலைவாரி வாக்கு’ என்று எழுதிவிடாதீர்கள், சீப்பு நினைவுக்கு வரும்; ‘ஆளுக்கொரு வாக்கு’ போதும்.

நாம் செய்துகொண்டிருக்கும் இதே வேலையை அவர்களும் செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூன் நடுவில், தங்களை இனி எப்படி அழைத்துக்கொள்வது என்பதே அவர்களுக்குச் சிக்கலாயிற்று. ‘பிரெஞ்சு மக்களின் பிரதிநிதிகள்’ என்றார் மிராபோ. மக்கள் என்றால் நாட்டார் அனைவருமா, கீழ்க்குடிகள் மட்டுமா என்று லத்தீன் சொற்களை எடுத்துவைத்து அவையிலிருந்த வழக்கறிஞர்கள் கேட்டார்கள். மூனியே என்ற இன்னொரு பிரதிநிதி முன்மொழிந்த பெயரோ, நாட்டின் சிறுபகுதியினர் வராத நிலையில் பெரும்பகுதியினரின் பிரதிநிதிகள் செயல்படும் அவை என்று ஒரு வாக்கிய நீளத்துக்குப் போயிற்று. ஜூன் 17 அன்று ‘தேசிய அவை’ வென்றது.

சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கும் உறுப்பினர் எழுதியது:

படிநிலை என்றால் ஏணிதான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. ‘திறத்தார்’ என்று சொல்லலாமே? ‘இருதிறத்தாரும்’ என்பது பத்திரங்களில் இன்றும் வாழும் சொல். பிறப்பையும் பொருளையும் குறிக்காமல், உரிமையால் தனித்து நிற்பவரை மட்டும் குறிக்கும். சபைக்கு ‘முத்திறத்தார் பேரவை’ என்ற பெயரும் அழகாக அமைகிறது. ‘மூன்றாம் திறத்தார்’ வண்டிக் காப்பீட்டை நினைவூட்டும் என்பீர்கள். அங்கே வழக்கு ‘மூன்றாம் நபர்’ என்பதுதான், மோதல் இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

படி, நிலை இரண்டும் ஒரு பொருளையே சொல்கின்றன. இரட்டைச் சுமை எதற்கு? திறத்தார் நல்ல தமிழ். என் சொல் ஏற்கப்படாவிட்டால் என் வாக்கு அதற்கே. மாணவர் சிரிப்பார்கள் என்பதற்காகச் சொற்களை விலக்கத் தொடங்கினால் இலக்கணத்தில் பாதியை விலக்க நேரும், அம்மா. பிறப்புச் சாயல் பற்றித் தாங்கள் சொன்னதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. ஆயினும் பால் என்பதை விட மனம் வரவில்லை.

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் படிநிலையின் பக்கம். எனக்குத் திறத்தாரே அதிகம் பிடித்திருக்கிறது. ஆனால் மேலாய்வாளரிடம் ஒரு புதுச் சொல்லுக்காக வாதாடும் நேரம் இப்போது இல்லை. எனவே ‘மூன்றாம் படிநிலை’ என்றும், முதலில் வருமிடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் எஸ்டேட் என்றும் அனுப்புகிறேன். சபைக்கு ‘முப்படிநிலைப் பேரவை’ நாக்கில் புரளவில்லை என்பதால், அங்கே மட்டும் முத்திறத்தார் பேரவையை வைத்திருக்கிறேன், முரண்தான்.

வரலாற்று ஆசிரியை எழுதியது:

அந்த முரணை ஏற்க முடியாது. ஒரே பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒரே இயலில் இரண்டு தமிழ்ச் சொற்கள் வந்தால் மாணவர் அவற்றை இரண்டு அமைப்புகள் என்றே படிப்பார்கள். இரண்டிலும் திறத்தார் என்று மாற்றுவதானால் நானும் ஒப்புக்கொள்கிறேன். எதை வைத்தாலும் அந்தச் சொல்லை 1789ஐத் தாண்டி இழுத்துச் செல்லாதீர்கள்: ஜூன் 27 அன்று மற்ற இரு பிரிவினரையும் தேசிய அவையில் சேரும்படி அரசரே சொல்லிவிட்டார், ஆகஸ்ட் 4 இரவில் சலுகைகளும் சரிந்தன. 1792 ஆகஸ்ட் 10 அன்று துய்லரி அரண்மனையைத் தாக்கி முடியாட்சியை வீழ்த்தியவர்களை மூன்றாம் படிநிலையினர் என்று எழுதினால் அது பிழை. அவர்களுக்கு அன்று வழங்கிய பெயர் சான்-கூலோத். முழங்கால்வரையிலான பிரபுக்களின் காற்சட்டை அணியாதவர்கள் என்று பொருள். அதற்கான தமிழ்ச் சொல் இரண்டாம் இயலுக்குத் தேவைப்படும்.