நெளிவு குறைந்தால் வலி தணிந்தது என்று கொள்ளலாமா?

ஆய்வு மாணவி
நொச்சி இலையின் எத்தனால் சாற்றைச் சுண்டெலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து, பின்னர் அசிட்டிக் அமிலத்தை வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தியபோது, அவை வயிற்றை இழுத்துப் பின்னங்கால்களை நீட்டி நெளிவது கட்டுப்பாட்டுக் குழுவைவிடத் தெளிவாகக் குறைந்தது. ஆனால் 55 டிகிரி செல்சியஸ் சூட்டுத் தட்டுச் சோதனையில் எந்த வேறுபாடும் இல்லை. இதை வலிநிவாரணி என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

மருந்தியல் ஆசிரியர்
இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. சூட்டுத் தட்டில் பாதத்தை நக்கவோ துள்ளவோ எடுக்கும் நேரத்தை மார்ஃபின் போன்றவை நீட்டிக்கும். ஆஸ்பிரின் வகை மருந்துகள் பெரும்பாலும் நீட்டிப்பதில்லை. அசிட்டிக் அமிலமோ புரோஸ்டாகிளாண்டின் முதலிய, வலியையும் அழற்சியையும் தூண்டும் உடல் வேதிப்பொருள்களை வெளிப்படச் செய்து வலியூட்டுவதால், அவற்றின் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் நெளிவைக் குறைக்கும். ஆகவே, சாறு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே செயல்படக்கூடும் என்பது வரை எழுதலாம். அதற்கு மேல் இப்போது வேண்டாம், ஏனெனில் நெளிவுச் சோதனை எளிதில் ஏமாற்றும்: தூக்கமூட்டிகளும் தசைத் தளர்த்திகளும் கூட இதே முடிவைத் தரும். மயங்கிக் கிடக்கும் சுண்டெலி வலி இல்லாததால் நெளியவில்லை என்று யார் சொல்ல முடியும்? சுழலும் உருளையில் நிற்க வைக்கும் ரோட்டராட் சோதனையை முதலில் செய்யுங்கள்; மயக்கமோ தசைத் தளர்ச்சியோ இருந்தால் சுண்டெலி விரைவில் விழுந்துவிடும். அடுத்து, பாதத்தில் ஃபார்மலினை ஊசியால் செலுத்தி, அதை நக்கும் நேரத்தை அளக்கும் ஃபார்மலின் சோதனை. ஊசி போட்ட முதல் 5 நிமிடங்களில் தெரிவது நரம்பு நேரடியாகத் தூண்டப்படும் வலி, ஏறக்குறைய 15 முதல் 30 நிமிடங்கள் வரை தெரிவதில் அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னதில் மட்டும் குறைந்தால் உங்கள் வாதம் வலுப்பெறும்.

ஆய்வகத் தோழர்
அழற்சிக்கு, எலியின் உள்ளங்காலில் வீக்கத்தை உண்டாக்கும் கடற்பாசிப் பொருளான காரஜீனனின் 1 சதவீதக் கரைசலை 0.1 மி.லி. செலுத்தி வீக்கத்தை அளக்கும் முறையே பழகிய வழி. 1962 முதல் புழக்கத்தில் உள்ளது. மூன்றாம் மணி நேர அளவை மட்டும் எடுக்காமல், தொடக்கத்திலிருந்தே மணிக்கொரு முறை அளவிடுங்கள். முதலில் ஹிஸ்டமினும் செரோட்டோனினும், பிறகு புரோஸ்டாகிளாண்டின்களும் மேலோங்குவதால், வீக்கம் எப்போது குறைகிறது என்பதே செயல்முறையைக் காட்டும். சாற்றை எதில் கரைத்தீர்கள்? டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு) என்ற கரைப்பான் என்றால் கவனம், அதற்கே அழற்சியைத் தணிக்கும் இயல்பு உண்டு.

ஆய்வு மாணவி
ட்வீன் 80 என்ற பால்மமாக்கி கலந்த நீரில்தான் கலக்கினேன். கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதையே கொடுத்தேன். ரோட்டராடுக்கு எந்த அளவைத் தேர்வது?

மருந்தியல் ஆசிரியர்
நெளிவைக் குறைத்த அளவுகளில் மிக அதிகமானதை, அதே காத்திருப்பு நேரத்துடன்.