அம்மாவோட மாத்திரை ரிமைண்டர் காலைல மட்டும் அடிக்க மாட்டேங்குது, யாராச்சும் உதவி பண்ணுங்க

கோவைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயசு, தேவகோட்டைல தனியா இருக்காங்க, நான் கோயம்புத்தூர்ல வேலை பாக்குறேன். காலைல 6 மணிக்கு வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை, மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் கால்சியம், ராத்திரி எட்டரைக்கு பிரஷர் மாத்திரை. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ரிமைண்டர் ஆப் ஒன்னு போட்டு மூணு நேரமும் செட் பண்ணிக் குடுத்துட்டு வந்தேன். மதியமும் ராத்திரியும் ஒழுங்கா அடிக்குது, காலைல மட்டும் சத்தமே வர்றதில்ல. கேட்டா "அடிக்கலயே பாப்பா, எப்பவும் போல காபி போட்டு குடிச்சிட்டேன், அப்புறம்தான் ஞாபகம் வந்து அந்த ஆப்பைத் தொறந்து பாத்தேன்"ங்குறாங்க. மாத்திரை அட்டைய போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், இந்த மாசம் மட்டும் எட்டு மாத்திரை மிச்சம் இருக்கு, பாத்ததும் பகீர்னு ஆயிடுச்சு. போன்ல ஆண்ட்ராய்டு 14. சவுண்ட் ஃபுல்லாதான் வச்சிருக்காங்களாம். என்ன பண்ணலாம்?

வைகைக்கரையான்:
சவுண்ட் ஃபுல்னு சொல்றது எந்த சவுண்டு? ரிங், மீடியா, நோட்டிஃபிகேஷன், அலாரம் எல்லாத்துக்கும் தனித்தனியா இருக்கும். வால்யூம் பட்டனை அமுக்கினதும் வர்ற மூணு புள்ளியைத் தொட்டா எல்லாம் தெரியும், அம்மாவ பாக்கச் சொல்லுங்க.

கோவைப்பொண்ணு:
வீடியோ கால்ல பாத்தோம் அண்ணா, நாலும் ஃபுல்தான்.

மதுரை மொபைல்கடை:
சகோதரி, பர்மிஷனை மொதல்ல பாருங்க. ஆண்ட்ராய்டு 13ல இருந்து நோட்டிஃபிகேஷனுக்கே ஆப் நம்மகிட்ட அனுமதி கேக்கும், அவசரத்துல வேணாம்னு தட்டியிருந்தா ஒன்னும் வராது. உங்களுக்கு மதியம் வருதுன்னா அது சரியா இருக்குன்னு அர்த்தம். அடுத்து செட்டிங்ஸ்ல ஆப்ஸ் உள்ள போய் ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்ல 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்'னு ஒன்னு இருக்கும். 14ல புதுசா போடற நிறைய ஆப்புக்கு இது தானா கிடைக்காது, நாமதான் ஆன் பண்ணணும், இல்லன்னா சொன்ன நேரத்துக்கு அடிக்காம தள்ளித் தள்ளி அடிக்கும். அப்படியே அந்த ஆப்போட பேட்டரி செட்டிங்கை 'அன்ரெஸ்ட்ரிக்டட்'னு மாத்துங்க. ராத்திரி போன் சும்மா கெடக்கும்போது சார்ஜ் மிச்சம் புடிக்க போனே ஆப்பைத் தூங்க வச்சிடும். ஆட்டோ ஸ்டார்ட்னு தனியா இருந்தா அதையும் ஆன் பண்ணிடுங்க.

கோவைப்பொண்ணு:
அண்ணா நீங்க சொன்ன மூணும் பண்ணியாச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு அடிக்கிற மாதிரி டெஸ்ட் வச்சோம், கரெக்டா அடிச்சுச்சு, அம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம். ஆனா இன்னைக்கு காலைல திரும்ப அடிக்கல 😞

வைகைக்கரையான்:
ஒன்னு கேக்குறேன், அம்மா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி போனை என்ன பண்ணுவாங்க?

கோவைப்பொண்ணு:
கேட்டேன் அண்ணா. கீழ இருக்கிற மூணு கோட்டைத் தொட்டு, தெறந்திருக்கிற எல்லாத்தையும் பெருக்கல் குறி அமுக்கி க்ளியர் பண்ணிட்டுத்தான் படுப்பாங்களாம். அப்படி பண்ணாட்டி போன் சூடாயிடும்னு பக்கத்து வீட்டுப் பையன் சொல்லிக் குடுத்திருக்கான், ஒரு நாளும் தவறாம பண்றாங்க.

வைகைக்கரையான்:
அதேதான்! சில போன்ல அப்படி க்ளியர் பண்ணா ஆப் அடியோட நின்னுடும், அது வச்சிருந்த அலாரமும் சேந்து போயிடும், திரும்ப யாராச்சும் ஆப்பைத் தொறந்தாத்தான் உயிர் வரும். அம்மா காபி குடிச்சப்புறம் தொறந்து பாக்குறாங்கல்ல, அதனாலதான் மதியமும் ராத்திரியும் அடிக்குது. அந்த க்ளியர் பண்ற பக்கத்துல ஆப்பை அழுத்திப் புடிச்சா பூட்டு படம் வருதான்னு பாருங்க, வந்தா பூட்டிடுங்க, அப்புறம் பெருக்கல் குறி அமுக்கினாலும் அது போகாது.

மதுரை மொபைல்கடை:
அண்ணன் சொன்னது ரொம்ப சரி. ஆனா என்னைக் கேட்டா காலை மாத்திரைக்கு ரிமைண்டர் ஆப்பே வேணாம், போனோட வர்ற கடிகார ஆப்ல தினமும் 6 மணிக்கு அலாரம் வச்சிடுங்க. ரிமைண்டர் நிறைய ஆப்ல 'டிங்'னு ஒரு தடவைதான் வரும், அடுப்படில தண்ணி ஓடும்போது எங்க கேக்கும்? அலாரம்னா நிறுத்தற வரைக்கும் அடிக்கும். இன்னொன்னும் இருக்கு, ராத்திரில அப்டேட் ஆகி போன் ரீஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா, பின் நம்பர் போட்டுத் தெறக்குற வரைக்கும் வெளில இருந்து போட்ட ஆப் பெரும்பாலும் வேலை செய்யாது, கடிகார ஆப் பூட்டியிருந்தாலும் அடிக்கும். எங்க அப்பாவுக்கு சுகர் மாத்திரைக்கு ரெண்டு வருஷமா இப்படித்தான் வச்சிருக்கேன்.

நர்ஸ் அக்கா:
பாப்பா, நான் 28 வருஷம் நர்ஸா இருந்தவ, போனை விடு, ஒன்னு சொல்றேன். தைராய்டு மாத்திரை போட்டு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபியே குடிக்கணும், காபியோட சேந்தா மருந்து உடம்புல சரியா ஏறாது. கால்சியத்துக்கும் அதுக்கும் நாலு மணி நேரமாச்சும் இடைவெளி வேணும், மதியம்னு வச்சிருக்கீங்க, நல்லது. விட்டுப்போச்சேன்னு அடுத்த நாள் ரெண்டா போட்டுடப் போறாங்க, டாக்டர்கிட்ட எட்டு நாள் விட்டதைச் சொல்லி அவர் சொல்றபடி செய்யுங்க. அப்புறம் மெடிக்கல்ல ஏழு நாளுக்கு கட்டம் போட்ட மாத்திரை டப்பா கிடைக்கும், வாங்கிக் குடு. போட்டாங்களா இல்லையான்னு சந்தேகமே வராது, கட்டம் காலியா இருந்தா போட்டாச்சு.

கோவைப்பொண்ணு:
ரொம்ப நன்றிக்கா, டாக்டருக்கு இன்னைக்கே போன் பண்றேன்.

வைகைக்கரையான்:
தங்கச்சி, உங்க குரலை ரெக்கார்ட் பண்ணி வாட்ஸப்ல அனுப்பி, அதை போன்ல சேவ் பண்ணி அலாரம் சத்தமா வச்சுப் பாருங்க, நிறைய கடிகார ஆப்ல நம்ம ஆடியோவ வச்சுக்கலாம்.

கோவைப்பொண்ணு (ஆறு நாள் கழிச்சு):
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. போன வாரக் கடைசில ஊருக்கே போயிட்டு வந்தேன். கடிகார ஆப்ல 6 மணிக்கு ஒன்னு, "காபி போடலாம்"னு பேர் போட்டு 7 மணிக்கு ஒன்னு வச்சாச்சு. டாக்டர், விட்டதுக்கு சேத்துப் போட வேணாம், தினமும் ஒன்னு விடாம போட்டுட்டு ஆறு வாரம் கழிச்சு ரத்தம் டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னுட்டாரு. டப்பாவும் வாங்கிட்டேன், கட்டத்து மேல தமிழ்ல ஞாயிறு திங்கள்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். 6 மணி அலாரத்துக்கு என் குரல்தான், "அம்மா, தைராய்டு மாத்திரை, தண்ணி மட்டும் குடிங்க"ன்னு. மொத நாள் காலைல நான் பக்கத்து ரூம்ல படுத்திருக்கேன், அலாரம் அடிக்குது, அம்மா "இந்தா போட்டுக்குறேன் பாப்பா"ன்னு போனுக்கு பதில் சொல்லிக்கிட்டே டப்பாவைத் தொறக்குற சத்தம் கேட்டுச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒரு கட்டமும் விடல.